சாவி யாரிடம்? கடற்கரை ஊர்ப் பொறுப்பாளர்களுக்கு ஒரு திறந்த மடல்

மூக்கையூரில் தொடங்கி எஸ்.பி.பட்டினம் வரை நம் ராமநாதபுரம் மாவட்டக் கடற்கரையில் இருக்கிற ஊர்க் கமிட்டித் தலைவர்கள், ஜமாத் நிர்வாகிகள், பங்குப் பேரவைப் பொறுப்பாளர்கள் அனைவருக்கும் வணக்கம்.

நான் மண்டபம் வட்டாரத்தில் கிராம சுகாதார செவிலியராக வேலை பார்த்து ஓய்வு பெற்றவள். உங்களில் சிலருக்கு நான் சொட்டு மருந்து ஊற்றியிருக்கிறேன். இன்று நீங்கள் ஊருக்குத் தலைவராகி இருக்கிறீர்கள். அந்த உரிமையில் எழுதுகிறேன். விஷயம், வயதானவர்கள் ஒண்ணுக்கு அடக்க முடியாமல் படுகிற பாடு. இதையெல்லாம் பொதுவில் எழுதுவார்களா என்று முகம் சுளிப்பவர்கள் இருப்பார்கள். சரி, சுளித்துக்கொண்டே படித்து முடியுங்கள்.

கலெக்டருக்கு எழுதியிருக்கலாம். திங்கட்கிழமை குறைதீர் கூட்டத்தில் மனு கொடுத்தால் ரசீதாவது கிடைக்கும். ஆனால் பள்ளிவாசல் கழிப்பறை எந்நேரம் திறந்திருக்கும், கோயில் மண்டபத்துக்குப் பின்னால் கட்டிய கழிப்பறையின் சாவி யார் இடுப்பில் தொங்கும், ஊர்க்கூட்டத்தை எத்தனை மணி நேரம் இழுக்கலாம் என்பதையெல்லாம் கலெக்டரா முடிவு செய்கிறார்? நீங்கள்தான் செய்கிறீர்கள். இன்றைக்கு யாரும் கடலுக்குப் போகக் கூடாது என்று நீங்கள் சொன்னால் ஒரு வள்ளம்கூட நகராது. அப்படிப்பட்ட அதிகாரத்தை வைத்துக்கொண்டு ஒரு கதவைத் திறந்து வைக்க முடியாதா என்பதுதான் என் கேள்வி.

உங்களிடம் வருகிற மனத்தாங்கல்களில் எத்தனை "துக்கத்துக்கு வரவில்லை" என்பதில் தொடங்குகின்றன என்று உங்களுக்கே தெரியும். கூடப் பிறந்த அண்ணன் செத்துக் கிடக்கிறான், தங்கச்சி எட்டிப் பார்க்கவில்லை. பேச்சு நின்றுபோகும், கொடுக்கல் வாங்கல் நின்றுபோகும், பிள்ளைகள் காலத்திலும் அது தொடரும். அப்படி வராமல் போன ஒரு தங்கச்சியிடம் தனியாக உட்கார்ந்து கேட்டிருக்கிறேன். "பொணத்தத் தூக்குற வரைக்கும் அங்க உக்காந்திருக்கணும் நர்சம்மா. எந்திரிச்சா சேலை பின்னால நனைஞ்சிருக்கும். அத்தனை பேர் முன்னால எப்படி?" என்றார். ஊருக்குச் சொன்ன காரணம் முட்டுவலி. முட்டுவலி மரியாதையான நோய், வெளியே சொல்லலாம். இந்த நோய்க்கு அந்த மரியாதை இன்னும் கிடைக்கவில்லை.

இவரைப் போல் எத்தனை பேர் என்று நீங்கள் எண்ண முடியாது, ஏனென்றால் அவர்கள் உங்கள் கண்ணிலேயே படமாட்டார்கள். முன்பு முதல் வரிசையில் குலவை போட்டவர் முளைப்பாரிக்கு வருவதில்லை. ரமலான் இரவுகளின் தராவீஹ் தொழுகையில் தவறாமல் நின்றவர் வீட்டிலேயே தொழுதுகொள்கிறார். ஞாயிறு பூசையில் கடைசி பெஞ்சுக்கு மாறியவர், அடுத்த வருடம் அதற்கும் வருவதில்லை. வயதாகிவிட்டது, ஒதுங்கிவிட்டார் என்று நாம் நினைத்துக்கொள்கிறோம். பலர் ஒதுங்கியது கழிப்பறைக்குப் பயந்து.

உடம்பில் நடப்பதைக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். சிறுநீர்ப்பையில் 150, 200 மில்லி சேர்ந்ததும் லேசாக உணர்த்தும். 400, 500 மில்லி வரை தாங்கும். வயதாக ஆகத் தாங்கும் அளவு குறையும், நிறைவதற்கு முன்பே பை தானாகச் சுருங்கும். இரவில் சிறுநீர் குறைவாக ஊறுகிற இளமைக்கால ஒழுங்கும் தளர்ந்துவிடும். அதனால் வந்துவிட்டது என்று தோன்றிய மறுநிமிடமே ஓடவேண்டியிருக்கும். இது ஒரு வகை. இருமினால், தும்மினால், குடம் தூக்கினால் ஒழுகுவது இன்னொரு வகை. பல பெண்களுக்கு இரண்டும் சேர்ந்தே இருக்கும். ஆண்களுக்கு ப்ராஸ்டேட் சுரப்பி வீங்கி வழியை அடைப்பதால் பை காலியாகாமல், நிரம்பி வழிந்து சொட்டும். இது போக, பையில் பெரிய கோளாறு இல்லாமலே நனைத்துக்கொள்பவர்களும் உண்டு. கழிப்பறை தூரத்தில் இருக்கும், அல்லது பூட்டியிருக்கும், அல்லது எழுந்து நடந்து போய்ச் சேர நேரமாகும். இந்த வகையை உண்டாக்கியவர்கள் நாம்.

நம் கடற்கரைக்கென்று சில காரணங்கள் இருக்கின்றன. இப்போது அறுபது, எழுபது வயதில் இருக்கும் நம் பெண்கள், மணலில் ஊற்றுத் தோண்டி, கொட்டாங்கச்சியால் மொண்டு குடம் நிரப்பிச் சுமந்தவர்கள். காவிரிக் கூட்டுக் குடிநீர் வந்த பிறகும் குழாயில் தண்ணீர் வருகிற நாளைக் கணக்குப் பார்த்துத் தள்ளுவண்டியில் குடங்களை அடுக்கித் தள்ளியவர்கள். வரிசையாகப் பிள்ளை பெற்று, பச்சை உடம்போடு மீன்கூடை தூக்கியவர்கள். இடுப்புக்கு அடியில் சிறுநீர்ப்பையையும் கர்ப்பப்பையையும் தொட்டில் சேலை போலத் தாங்கி நிற்கிற தசைகள் உண்டு. பிரசவமும் பாரமும் அந்தத் தசைகளைத் தொய்ய வைத்துவிடும். மாதவிடாய் நின்ற பிறகு இன்னும் தொய்யும். சிலருக்குக் கர்ப்பப்பை கீழே சரிந்து, அடி இறங்கிவிட்டது என்பார்களே, அதுவும் இதனோடு சேர்ந்ததுதான்.

பாம்பன் சின்னப்பாலம், தோப்புக்காடு பக்கத்துப் பெண்களைப் பாருங்கள். இருட்டோடு வள்ளம் ஏறித் தீவுப் பக்கம் போய், தண்ணீரில் முங்கி முங்கிப் பாசி பறிக்கிறார்கள். அறுபது தாண்டியும் போகிறவர்கள் இருக்கிறார்கள். வள்ளத்தில் ஏது கழிப்பறை? காலையிலிருந்து பச்சைத் தண்ணீர் பல்லில் படாமல் கிளம்புவதுதான் அவர்களுக்குத் தெரிந்த வைத்தியம். மீன் விற்கப் பஸ் ஏறுகிறவர்களும் அப்படித்தான். நம் வெயிலுக்கு அது பொல்லாத வைத்தியம். சிறுநீர் கெட்டியாகிப் பையை உறுத்தும், அவசரம் இன்னும் கூடும், நீர்க்கடுப்பு வரும், கல் சேரும். தண்ணீரைப் பகலில் தாராளமாகக் குடிக்க வேண்டும், படுப்பதற்கு இரண்டு மணி நேரம் முன்பிருந்து குறைத்துக்கொள்ளலாம். எதையாவது குறைத்தே ஆகவேண்டும் என்றால் டீயைக் குறையுங்கள். டீயும் காபியும் பையைத் தூண்டிவிடும். ஏலக்கூடத்துக்கும் டீக்கடைக்கும் இடையே நாளெல்லாம் நடக்கிற நம் பெரியவர்களிடம் இதைச் சொன்னால் என்னை விரட்டுவார்கள். பரவாயில்லை.

இப்போது முக்கியமான செய்தி. பலருக்கு இதை நன்றாகக் குறைக்க முடியும், சிலருக்கு முற்றிலும் நிறுத்தவே முடியும். வயதானால் இப்படித்தான் என்று விட்டுவிடக் கூடாது. இந்தச் செய்தி வெள்ளிக்கிழமை பயானிலும் ஞாயிறு அறிவிப்பிலும் ஊர்க்கூட்ட மைக்கிலும் ஒரு முறை ஒலித்தால், நான் வீடு வீடாக ஏறி இறங்கிச் சொன்னதைவிட அதிகம் பலிக்கும். பெண்கள் கூடும் இடத்தில் ஒரு பெண்ணே சொல்லட்டும்.

மருந்துக்கு முன்னால் பயிற்சி. 1948இல் அர்னால்டு கெகல் என்ற அமெரிக்க மருத்துவர் எழுதி வைத்தது, இன்றும் முதல் சிகிச்சை அதுதான். காற்று வெளியேறாமல் அடக்குவது போலவும் சிறுநீரைப் பிடித்து நிறுத்துவது போலவும் அடித்தசையை உள்ளே மேல்நோக்கி இழுத்துப் பிடிக்க வேண்டும். வயிறும் தொடையும் இறுகக் கூடாது, மூச்சு சாதாரணமாக ஓட வேண்டும். முதலில் ஐந்து விநாடி, பழகப் பழகப் பத்து விநாடி. பிடித்தது போலவே முழுதாகத் தளர்த்தவும் வேண்டும். ஒரு வேளைக்கு எட்டிலிருந்து பத்து முறை, நாளுக்கு மூன்று வேளை. மாதா கோயிலில் மூவேளை மணி அடிக்கிற ஊர்களில் அதையே அடையாளமாக வைத்துக்கொள்ளச் சொல்லியிருக்கிறேன். மணி அடித்ததும் செபத்தோடு சேர்ந்து இதுவும் நடந்தது. சாமிக்குத் தெரிந்தால் கோபித்துக்கொள்ள மாட்டார். பாங்கு ஒலிக்கும் ஊர்களில் அதுவே அடையாளம். ஆனால் 3 மாதம் விடாமல் செய்ய வேண்டும், பத்தே நாளில் பலன் தேடினால் கிடைக்காது. சிறுநீர் போய்க்கொண்டிருக்கும்போது நடுவில் நிறுத்தி நிறுத்திப் பழகுவது தவறு. எந்தத் தசை என்று கண்டுபிடிக்க ஒருமுறை செய்து பார்க்கலாம், அவ்வளவுதான்.

அவசரமாக முட்டிக்கொண்டு வந்தால் ஓடக் கூடாது. ஓட்டத்தில்தான் பாதி வழியில் நனைகிறது. நின்ற இடத்திலேயே நின்று, அல்லது உட்கார்ந்து, அந்தத் தசையை ஐந்தாறு முறை வேகவேகமாக இறுக்கித் தளர்த்தினால் முட்டல் சற்று அடங்கும். அடங்கிய பிறகு நிதானமாக நடந்து போகலாம். அப்புறம், மணிக்கொருமுறை போகிறவர் அதைக் கால் மணி நேரம் தள்ளிப்போட்டுப் பழகி, பழகியதும் இன்னொரு கால் மணி நேரம் தள்ள வேண்டும். ஆறு வாரமாவது ஆகும். மலச்சிக்கல் இருந்தால் முதலில் அதைச் சரிசெய்ய வேண்டும். குடல் நிறைந்திருந்தால் பையை நெருக்கும்.

மாத்திரைப் பையையும் ஒருமுறை கொட்டிப் பார்க்க வேண்டியிருக்கும். கால் வீக்கத்துக்குக் கொடுக்கிற நீர் மாத்திரையை இரவில் போட்டுக்கொண்டு விடிய விடிய எழுகிறவர்கள் இருக்கிறார்கள். எந்த நேரத்தில் போடுவது என்று டாக்டரிடம் கேட்க வேண்டும். எனலாபிரில் என்ற பிரஷர் மாத்திரை சிலருக்கு வறட்டு இருமலைக் கொடுக்கும், இருமும்போதெல்லாம் ஒழுகும். சில புதிய சுகர் மாத்திரைகள் சர்க்கரையைச் சிறுநீர் வழியே வெளியேற்றுவதால் அடிக்கடி போக வைக்கும். எதையும் தானாக நிறுத்தக் கூடாது, டாக்டரிடம் சொன்னால் மாற்றித் தருவார். ப்ராஸ்டேட் வீக்கம் உள்ள ஆண்கள் மெடிக்கல் கடையில் சளி மாத்திரை வாங்கிப் போட்டுக்கொள்வது ஆபத்து. சில சளி மாத்திரைகளால் சிறுநீர் அப்படியே அடைத்துக்கொள்ளும். அடிவயிறு கல்லாகி நடுராத்திரியில் ஆட்டோ பிடித்து ஓடியவர்கள் நம் ஊர்களில் இருக்கிறார்கள்.

எப்போது தாமதிக்கவே கூடாது என்பதையும் சொல்லிவிடுகிறேன். சிறுநீரில் இரத்தம், வலி இல்லாவிட்டாலும் சரி. ஒரு சொட்டும் பிரியாமல் அடைத்துக்கொள்வது. காய்ச்சலோடு எரிச்சல். முதுகுவலியும் கால் பலமிழப்பும் சேர்ந்து திடீரென்று கட்டுப்பாடு போவது. இவற்றுக்கு உடனே ஆஸ்பத்திரி.

ஜமாத் பெரியவர்களிடம் தனியாக ஒரு வார்த்தை. ஒளு, அதாவது தொழுகைக்கு முன் கை கால் முகம் கழுவிய சுத்தம், நிற்கவில்லை, அதனால் தொழுகை கூடாது என்று மனம் உடைந்து பள்ளியில் கூட்டுத் தொழுகைக்கு வருவதையே விட்டவர்களைக் கீழக்கரைப் பக்கமும் பெரியபட்டினம் பக்கமும் பார்த்திருக்கிறேன். நம் கடற்கரையில் பெரும்பாலும் ஷாஃபிஈ மத்ஹபு என்ற மார்க்கச் சட்ட வழிதான். தொடர்ந்து கசிகிற நோயாளி, தொழுகை நேரம் வந்த பிறகு சுத்தம் செய்து, துணி வைத்துக் கட்டி, ஒளு செய்து, தாமதிக்காமல் தொழுதால் இடையில் கசிந்தாலும் தொழுகை கூடும், ஒவ்வொரு ஃபர்ளு என்ற கடமைத் தொழுகைக்கும் புதிதாக ஒளு செய்ய வேண்டும் என்று அந்தச் சட்டத்தில் இருக்கிறது. இதைச் சொல்ல வேண்டியவர்கள் மார்க்கம் படித்த ஆலிம்கள். மார்க்கத்தில் சலுகை இருப்பது தெரியாமல் ஒரு மனிதர் பள்ளிக்கு வராமல் இருந்தால் அந்தப் பொறுப்பு யாருடையது?

கோயில் கமிட்டிக்காரர்கள் சுத்தம், தீட்டு என்று இழுப்பார்கள். கழிப்பறையைக் கருவறைக்குப் பக்கத்தில் கட்டச் சொல்லவில்லை. கோயில் எல்லைக்கு வெளியே, ஆனால் ஒரு கிழவி ஒரு நிமிடத்தில் நடந்து சேர்கிற தூரத்தில் இருந்தால் போதும்.

இனி அந்தச் சாவி. பொதுக் கழிப்பறை இல்லாத ஊர் இப்போது குறைவு, திறந்திருக்கிற ஊரும் குறைவுதான். சாவி தலைவர் வீட்டில் இருக்கும், அல்லது கொடியேற்றத்தன்று மட்டும் வெளியே வரும். ஒண்ணுக்கு முட்டிக்கொண்டிருக்கும் எழுபது வயதுப் பெண் சாவி கேட்டு ஓர் ஆம்பளை வீட்டு வாசலில் நிற்பாரா? திறந்தால் பிள்ளைகள் நாசம் செய்கிறார்கள், வெளியூர்க்காரன் அசுத்தம் செய்துவிட்டுப் போகிறான் என்று நீங்கள் சொல்வது பொய்யில்லை. அதற்குப் பூட்டு வழியாகாது. சம்பளத்துக்கு ஆள் வையுங்கள். திருவிழாவுக்கு சீரியல் செட்டும் பாட்டுக் கச்சேரியும் வைக்க வரி போடுகிற ஊருக்கு, ஒரு துப்புரவுத் தொழிலாளிக்கு மாதச் சம்பளம் கொடுக்க முடியாதா? பினாயில் வாடையும் பக்கெட்டில் தண்ணீரும் இருந்தால் நாசமும் குறையும்.

திறந்தால் மட்டும் போதாது, உள்ளே உட்கார முடிய வேண்டும். தரையோடு பதித்த கோப்பையில் குந்தி எழ முடியாதவர்கள்தான் அதிகம். எல்லாவற்றையும் மாற்ற வேண்டாம். பெண்கள் பக்கம் ஒன்று, ஆண்கள் பக்கம் ஒன்று வெஸ்டர்ன் டாய்லெட்டாக இருக்கட்டும், பக்கத்துச் சுவரில் பிடித்து எழ ஒரு கம்பி. இரும்புக் கம்பி போடாதீர்கள், நம் உப்புக் காற்றில் பொரிந்து கையோடு வந்துவிடும். நல்ல எவர்சில்வர் கம்பி போடுங்கள். கதவு வெளிப்பக்கம் திறக்கட்டும், உள்ளே விழுந்தவரைத் தூக்க முடிய வேண்டும். வாசலில் படி வேண்டாம், சரிவு போதும். வெளிச்சம் வேண்டும். நனைந்த துணியைப் போட மூடி போட்ட ஒரு வாளியும், மாற்றுச் சேலையோ கைலியோ தொங்கவிட ஓர் ஆணியும் வேண்டும். இந்த ஆணியை எந்த என்ஜினியரும் பிளானில் வரைய மாட்டார்.

பஸ் விஷயம் உங்கள் கையில் இல்லை என்பதால் சுருக்கமாகச் சொல்கிறேன். 2021 மே மாதத்திலிருந்து சாதாரண நகரப் பேருந்தில் பெண்களுக்குக் கட்டணம் கிடையாது. ஆனாலும் நம் கிழவிகளில் பலர் ஏறுவதில்லை. ராமேஸ்வரத்திலிருந்து ராமநாதபுரம் சுமார் 55 கிலோமீட்டர். பாம்பன் பாலத்தில் வண்டியை நிறுத்திப் போட்டோ எடுக்கிறவர்களால் நெரிசல் ஆகிவிட்டால் எப்போது போய்ச் சேரும் என்று யாருக்கும் தெரியாது. இறங்குகிற ஊர்களில் நிறுத்தத்துக்கு அருகே உங்கள் மண்டபமோ சத்திரமோ இருந்தால், அங்கே கழிப்பறை உண்டு என்று ஒரு போர்டு வைக்கலாம்.

வீட்டுக்குள் நடப்பதையும் நீங்கள் பேச வேண்டும். கழிப்பறை கொல்லைக் கோடியில் இருக்கிறது, சில வீடுகளில் வலையும் விறகும் அடைத்து வைத்திருக்கிறார்கள். இரவில் இரண்டு மூன்று முறை இருட்டில் எழுந்து போகும்போதுதான் வழுக்கி விழுந்து இடுப்பு எலும்பு முறிகிறது. படுக்கைக்குப் பக்கத்தில் ஓட்டை வைத்த கமோடு நாற்காலி, ஆண்களுக்கு ஒரு யூரின் கேன், வழியில் சின்ன பல்பு, இவை போதும். நாற்காலியை ஊரே நாலைந்து வாங்கி வைத்து, தேவைப்படும் வீட்டுக்குச் சுற்றில் விடலாம். சாவு வீட்டுக்குச் சாமியானாவும் பிளாஸ்டிக் நாற்காலியும் ஊர்ப் பொதுவில் கொடுக்கிறோமே, அதே முறைதான்.

நடக்க முடிகிற ஆளுக்கு டயப்பரைக் கட்டிப் படுக்க வைப்பதை நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். கழிப்பறைக்குக் கூட்டிப் போக ஆள் இல்லை என்பதற்காகக் கட்டுகிறார்கள், ஒரு மாதத்தில் உண்மையிலேயே நடக்க முடியாமல் போய்விடுகிறது. படுத்த படுக்கையானவர்களுக்கு அது வேண்டியதுதான். 2025 செப்டம்பரில் அதன் ஜிஎஸ்டி 12 சதவீதத்திலிருந்து 5 ஆகக் குறைந்தும், வலை பின்னிப் பிழைக்கிற வீட்டுக்கு அது கட்டுப்படியாகாத செலவுதான். அதனால் ஒன்றையே நாள் முழுக்க வைத்துவிடுகிறார்கள், தோல் வெந்து புண்ணாகிறது. பழைய பருத்தித் துணியை மடித்துக் கட்டி, நனைந்ததும் மாற்றி, வெயிலில் உலர்த்திப் பயன்படுத்துவது அதைவிட நல்லது. வாஸ்லின் தடவினால் தோலில் ஈரம் படியாது. நம்மிடம் வெயிலுக்கா பஞ்சம்?

அரசு ஆட்கள் இல்லாமலும் இல்லை. 2021 ஆகஸ்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் சுகர், பிரஷர் மாத்திரையோடு வீட்டுக்கே பெண்கள் வருகிறார்கள். வட்டாரத்துக்கு இயன்முறை மருத்துவரும் உண்டு, இந்தத் தசைப் பயிற்சி அவருக்குத் தெரியும். ராமநாதபுரத்தில் 2022 முதல் அரசு மருத்துவக் கல்லூரியே இருக்கிறது. அடி இறங்கியவர்களுக்கு ஆபரேஷன் இல்லாமல் வளையம் வைத்துத் தாங்க வைக்கவும் முடியும். ஆனால் வீட்டுக்கு வருகிறவர் பிரஷர் பார்ப்பார், சுகர் பார்ப்பார், இதைக் கேட்க மாட்டார். கேட்டால் தவிர நம் ஆட்கள் சொல்ல மாட்டார்கள். அடுத்த முறை அவர் உங்கள் ஊருக்கு வரும்போது, "எங்க ஊர்ப் பெரியவங்ககிட்ட ஒண்ணுக்குப் பிரச்சினை இருக்கான்னும் கேளும்மா" என்று தலைவர் ஒரு வார்த்தை சொன்னால் அவருக்கும் கேட்கத் தைரியம் வரும்.

கூட்டம் போட்டுப் பேசுவதாக இருந்தால் கூப்பிடுங்கள், வருகிறேன். பெண்களுக்குத் தனியாக அரை மணி நேரம் ஒதுக்குங்கள், ஆம்பளைகளுக்கு ஓய்வுபெற்ற கம்பவுண்டர் யாரையாவது கூட்டி வருகிறேன். அதற்கு நாளாகும் என்றால் ஒன்றை மட்டும் உடனே செய்யலாம். அடுத்த கந்தூரி, கொடியேற்றம், முளைப்பாரி நோட்டீஸ் அச்சுக்குப் போவதற்கு முன், உபயதாரர் பெயர்களுக்குக் கீழே ஒரு வரி சேருங்கள்: முதியோர் உட்கார வசதியான கழிப்பறை இந்த இடத்தில் இருக்கிறது, இரவு முழுவதும் திறந்திருக்கும். அச்சடித்துவிட்டால் திறந்துதானே ஆக வேண்டும்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற கிராம சுகாதார செவிலியர் ஒருவர்,
மண்டபம் வட்டாரம்